கப்பல் வழியோடு நிலவழி போட்டி போட முடியுமா? பெட்டி எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்

கடந்த சில ஆண்டுகளாக ஒரே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. கடலில் ஏதோ ஒரு குறுகலான இடம் அடைபடும். உடனே ஏதாவது ஒரு அரசு வரைபடத்தை விரித்து, நிலத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, இதோ புதிய வழி என்று அறிவிக்கும். 2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கி, ஆறு நாள் எல்லாம் நின்றது. 2023 நவம்பரில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர், சூயஸுக்குப் போகும் வழியான செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் பெரிய கன்டெய்னர் நிறுவனங்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. அதே நேரத்தில் பனாமாவில் மழை பொய்த்து, ஒரு நாளைக்கு 36 கப்பல் வரை கடந்துகொண்டிருந்த கால்வாயில் 24 கப்பல்தான் போகலாம் என்ற நிலை வந்தது.

இதற்கெல்லாம் பதிலாகச் சொல்லப்படும் திட்டங்கள் ஏராளம்: சீனா-ஐரோப்பா ரயில், இந்தியா-மத்திய கிழக்கு-ஐரோப்பா வழித்தடம், தாய்லாந்தின் நிலப்பாலம், மெக்சிகோவின் இரு கடல் ரயில்பாதை, ஈராக்கின் வளர்ச்சிப் பாதை. ஷாங்காயிலிருந்து ராட்டர்டாமுக்குச் சூயஸ் வழியாகக் கடலில் சுமார் 19,500 கிலோமீட்டர், சீனாவின் உட்பகுதியிலிருந்து ஜெர்மனிக்கு ரயிலில் சுமார் 11,000 கிலோமீட்டர். பாதித் தூரம்தானே, அப்புறம் ஏன் எல்லாரும் ரயிலுக்கு மாறவில்லை? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தூரத்தில் இல்லை என்பதுதான் விஷயமே.

முதலில் சில சொற்கள்

கன்டெய்னர் என்பது அளவு நிர்ணயிக்கப்பட்ட இரும்புப் பெட்டி. 20 அடிப் பெட்டி ஒன்றை ஒரு டிஇயு என்று கணக்கிடுவார்கள். 40 அடிப் பெட்டி என்றால் இரண்டு டிஇயு. கப்பல், ரயில், துறைமுகம் எல்லாவற்றின் கொள்ளளவையும் இந்த அலகில்தான் சொல்வது வழக்கம்.

நிலப்பாலம் என்றால் கடல், நிலம், மறுபடியும் கடல் என்று போகும் வழி. ஒரு கரையில் கப்பலிலிருந்து இறக்கி, ரயிலிலோ லாரியிலோ நிலத்தைக் கடந்து, மறுகரையில் வேறொரு கப்பலில் ஏற்றுவது. முழு நிலவழி என்பது வேறு, அதில் கப்பலே கிடையாது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் கணக்கு வேறு, முடிவும் வேறு.

கைமாற்றம் என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது, ஒரு பெட்டி ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கி வைக்கப்படும் ஒவ்வொரு முறையையும்.

ஒரு கப்பலுக்கு எத்தனை ரயில்?

இன்றைய மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்கள் 24,000 டிஇயுவுக்கு மேல் ஏற்றும். ஓட்டுவதற்கு இருபத்தைந்து பேர் போதும். சீனாவிலிருந்து ஐரோப்பா போகும் ஒரு சரக்கு ரயில் தோராயமாக 100 டிஇயு ஏற்றும். ஆக, ஒரு கப்பல் சரக்குக்கு 240 ரயில் வேண்டும். 240 இன்ஜின், ஒவ்வொரு நாட்டிலும் மாறும் ஓட்டுநர்கள், 240 முறை தண்டவாளத்தில் இடம், 240 முறை எல்லைச் சோதனை.

சீனா-ஐரோப்பா ரயில் சேவையைத் தோல்வி என்று யாரும் சொல்ல முடியாது. 2011-ல் சீனாவின் உட்பகுதி நகரமான சோங்சிங்கிலிருந்து ஜெர்மனியின் டூயிஸ்பர்குக்குத் தொடங்கியது, 2024-ல் 19,000 ரயில்களைத் தாண்டி, சுமார் 20 லட்சம் டிஇயு ஏற்றியது. பிரம்மாண்டமான எண்தான். ஆனால் அதை 24,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 85 கப்பல் கூட வராது. அதாவது ஒரு கண்டம் முழுக்க ஆண்டு பூராவும் ஓடிய ரயில்கள் எல்லாம் சேர்ந்து சுமந்தது, வாரத்துக்கு இரண்டு கப்பலுக்கும் குறைவான சரக்கு. அதிலும் ஒரு பகுதி ரஷ்யாவோடும் பெலாருஸோடும் நின்றுவிடுகிறது, மேற்கு ஐரோப்பா வரை போவதில்லை.

தூரம் எங்கே ஏமாற்றுகிறது

சாலையில் போகும்போது தூரம் கூடினால் செலவு கூடும். அதே உணர்வோடு கடலைப் பார்க்கிறோம், அங்கேதான் பிசகு. தண்ணீரில் ஒரு பெட்டியை இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போக ஆகும் செலவு மிகக் குறைவு, ஏனென்றால் அந்தச் செலவு இருபதாயிரம் பெட்டிகளுக்குப் பங்கு பிரிகிறது. கடலுக்குத் தண்டவாளம் போட வேண்டாம், பராமரிக்கவும் வேண்டாம். பணம் கரைவது பெட்டியை அசைக்கும் இடத்தில், அதாவது துறைமுகத்தில்.

ஒரு சின்னக் கணக்கு. சூயஸ் கால்வாய்க் கட்டணம் பெரிய கப்பலுக்குப் பல லட்சம் டாலர் என்று படிக்கும்போது மலைப்பாக இருக்கும். 20,000 டிஇயு ஏற்றிய கப்பலுக்கு 6 லட்சம் டாலர் என்றே வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 30 டாலர். துறைமுகத்தில் ஒரு பெட்டியை ஒரே ஒரு முறை தூக்கி வைக்கும் கட்டணமே பல இடங்களில் 100 டாலரைத் தாண்டும். கால்வாயைத் தவிர்ப்பதற்காகக் கூடுதலாக நான்கு முறை தூக்கி வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரயில் கட்டணத்தை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

ரனோங்கில் ஒரு கப்பலை இறக்கிப் பார்ப்போம்

தாய்லாந்தின் நிலப்பாலத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். அந்தமான் கடல் பக்கம் ரனோங், தாய்லாந்து வளைகுடா பக்கம் சும்போன், நடுவில் சுமார் 90 கிலோமீட்டர் சாலையும் ரயில்பாதையும். மதிப்பீடு ஏறக்குறைய 1 லட்சம் கோடி பாட். மலாக்கா நீரிணையைச் சுற்ற வேண்டாம், சுமார் நான்கு நாள் மிச்சம் என்பது வாதம்.

சரி, 10,000 டிஇயு ஏற்றிய நடுத்தரக் கப்பல் ஒன்று ரனோங்குக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. அதில் இருப்பவை எல்லாம் 40 அடிப் பெட்டி என்றால் மொத்தம் 5,000 பெட்டி. ஒரு கிரேன் மணிக்கு 30 பெட்டி இறக்கினால் நல்ல வேகம். ஐந்து கிரேன் ஒரே நேரத்தில் இடைவிடாமல் வேலை செய்தால் மணிக்கு 150. மொத்தம் 33 மணி நேரம்.

2. இறங்கும் பெட்டிகளை எடுத்துப்போக 100 ரயில் வேண்டும். அந்த 33 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில், இரவும் பகலும். திரும்பி வரும் ரயில்களையும் சேர்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒன்று. இது ஒரே ஒரு கப்பலுக்கு.

3. சும்போனில் அதே நேரத்தில் இன்னொரு கப்பல் காலியாகக் காத்திருக்க வேண்டும். ஏற்றுவதற்கு இன்னும் 33 மணி நேரம். முதல் கப்பல் ஒரு நாள் தாமதமாக வந்தால் இரண்டாவது சும்மா நிற்கும், நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை.

4. அதே சமயம் எதிர்த் திசையில் வரும் சரக்கும் இதே கிரேன், இதே தண்டவாளம், பெட்டிகளை அடுக்கும் இதே முற்றத்தில்தான் நகர வேண்டும்.

மிச்சமாகும் என்று சொன்ன நான்கு நாள் இரண்டு கரைகளிலும் கரைந்துவிடுகிறது. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும்: மலாக்கா வழியாகப் போகும் கன்டெய்னர் கப்பல்களில் பல அங்கே வெறுமனே கடந்து போவதில்லை. சிங்கப்பூரில் நின்று, பெட்டிகளை மாற்றி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு போகின்றன. 2024-ல் அந்தத் துறைமுகம் 4 கோடி டிஇயுவுக்கு மேல் கையாண்டது. சிங்கப்பூரில் வேலை இருப்பவனுக்கு மலாக்கா சுற்றுவழியே அல்ல.

1907-ல் இது நடந்திருக்கிறது

மெக்சிகோவின் மிகக் குறுகலான பகுதி தெவான்தெபெக். பசிபிக் பக்கம் சலினா குரூஸ், மறுபக்கம் கோட்சகோல்கோஸ், நடுவில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அங்கே முதலில் போட்ட பாதை சரியில்லாமல் போக, பிரிட்டிஷ் ஒப்பந்ததாரர் வீட்மன் பியர்சன் அதைத் திரும்பக் கட்டி, இரு துறைமுகங்களையும் அமைத்தார். 1907 ஜனவரியில் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் திறந்துவைத்தார். அமெரிக்கன்-ஹவாயியன் கப்பல் நிறுவனம் ஹவாய்ச் சர்க்கரையை இந்த வழியில்தான் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அனுப்பியது. தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றுவதை விட இது எவ்வளவோ மேல், வழியும் நன்றாகவே ஓடியது.

1914 ஆகஸ்ட் 15 அன்று பனாமா கால்வாய் திறந்தது. மெக்சிகோப் புரட்சிக் காலத்தின் குழப்பத்தில் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்த ரயில்பாதை அதோடு படுத்துவிட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தெவான்தெபெக் பனாமாவை விட வடக்கே இருக்கிறது. அமெரிக்காவின் இரு கரைகளுக்கும் இடையில் போகும் சரக்குக்கு மொத்தத் தூரம் அங்கேதான் குறைவு. அப்படியிருந்தும் தோற்றது, ஏனென்றால் கால்வாயில் சர்க்கரை மூட்டையை யாரும் தொட வேண்டியதில்லை. போட்டி நடந்தது இறக்கி ஏற்றுவதற்கும் இறக்காமல் போவதற்கும் இடையில். இன்று மெக்சிகோ அதே பாதையைப் புதுப்பித்து, 2023 டிசம்பரில் பயணிகள் ரயிலோடு மறுபடி திறந்திருக்கிறது. கன்டெய்னரும் கிரேனும் வந்ததால் மூட்டைக் காலத்தை விடக் கைமாற்றம் மலிவுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே கன்டெய்னர்தான் கப்பலையும் பல மடங்கு பெரிதாக்கியது.

அப்படியென்றால் நிலவழி எங்கே ஜெயிக்கிறது?

ஜெயிக்கும் இடங்கள் உண்டு, அவை தெளிவாகவே தெரிகின்றன.

1. சரக்கு கிளம்பும் இடமோ சேரும் இடமோ கடலிலிருந்து வெகு தூரம் என்றால். சீனா-ஐரோப்பா ரயில் ஷாங்காயில் தொடங்காமல் சோங்சிங்கில் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். ஹெச்பி போன்ற நிறுவனங்களின் லேப்டாப்புகள் அங்கே தயாராகின. கடலுக்குப் போக அவை முதலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே வந்தாக வேண்டும், ஐரோப்பாவோ மேற்கே இருக்கிறது. அமெரிக்காவிலும் இதே கதை. லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும் ஆசியப் பெட்டிகள் சிகாகோவுக்கு ரயிலில் போகின்றன. 1984 முதல் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குப் பெட்டி வைத்து ஓட்டுகிறார்கள். அந்த வழி நன்றாக ஓடக் காரணம், பெட்டி சிகாகோவோடு முடிந்துவிடுகிறது, மறுபடி கப்பல் ஏற வேண்டியதில்லை. ஒரே நாடு, ஒரே தண்டவாள அகலம், நடுவில் சுங்கம் கிடையாது.

2. சரக்கின் விலை அதிகம், காலம் முக்கியம் என்றால். ஒரு பெட்டியில் 10 லட்சம் டாலர் மதிப்புள்ள மின்னணுப் பொருள் இருக்கிறது, அதில் முடங்கிய பணத்துக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 219 டாலர். ரயில் இருபது நாள் முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தால் 4,380 டாலர் மிச்சம், கூடுதல் ரயில் கட்டணத்தை இது தாங்கும். அதே பெட்டியில் 30,000 டாலர் மதிப்புள்ள நாற்காலிகள் இருந்தால் இருபது நாளுக்கு மிச்சம் சுமார் 130 டாலர். நாற்காலி கப்பலில்தான் போகும், போகவும் வேண்டும். இப்படிப் பார்த்தால் ரயில் போட்டி போடுவது கப்பலோடு அல்ல, விமானத்தோடு என்று கூடச் சொல்லலாம்.

3. பெட்டியே இல்லாத சரக்கு என்றால். எண்ணெய்க் குழாய் இதற்குச் சரியான உதாரணம். நிரம்பிய ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் மிதப்பாழம் (கப்பலின் அடிப்பகுதி தண்ணீருக்குள் மூழ்கும் ஆழம்) காரணமாகச் சூயஸைக் கடக்க முடியாது. எகிப்தில் செங்கடலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் 320 கிலோமீட்டர் சுமேத் குழாய் 1977 முதல் அந்த வேலையைச் செய்கிறது. சவுதியின் கிழக்கு-மேற்குக் குழாய் ஹோர்முஸ் நீரிணையைத் தவிர்த்து 1,200 கிலோமீட்டர் கடந்து செங்கடல் கரையில் இருக்கும் யான்பு போகிறது. எண்ணெய்யைப் பெட்டி பெட்டியாகத் தூக்கி வைக்க வேண்டாம், அழுத்தம் கொடுத்தால் ஓடும். நிலப்பாலம் என்ற யோசனை இத்தனை சுத்தமாக வேலை செய்யும் இடம் வேறு இல்லை.

4. நாட்டுக்குக் கடலே இல்லை என்றால். சாம்பியாவின் செம்பை இந்தியப் பெருங்கடலுக்குக் கொண்டுவர 1970-களில் தான்சானியா வழியாகப் போட்ட 1,860 கிலோமீட்டர் தசாரா ரயில்பாதைக்குக் கப்பல் போட்டியே அல்ல. அது துறைமுகத்துக்கு ஊட்டும் வழி.

எல்லையில் என்ன நடக்கிறது

சீன-கசகஸ்தான் எல்லையில் கோர்கோஸ் என்ற இடம். சீனத் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர், பழைய சோவியத் நாடுகளின் அகலம் 1520. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், உள்ளங்கை அகலம். அந்த உள்ளங்கை அகலத்துக்காக இரண்டு ரயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, மேலே பெரிய கிரேன் நகர்ந்து, ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி அடுத்த வண்டியில் வைக்கிறார்கள். பெலாருஸ்-போலந்து எல்லைக்கு வந்ததும் மறுபடி 1435, மறுபடி கிரேன். 2014-ல் சீனாவின் யிவூவிலிருந்து தொடங்கிய மாட்ரிட் ரயில் ஸ்பெயினின் 1668 மில்லிமீட்டர் பாதைக்காக மூன்றாவது முறையும் மாற வேண்டியிருந்தது.

இது கூடப் பரவாயில்லை, கிரேன் கூடுதலாக வைத்தால் வேகம் கூடும். தீர்க்க முடியாதது அரசியல். 2025 செப்டம்பரில் போலந்து பெலாருஸ் எல்லையை மூடியதும் சுமார் இரண்டு வாரம் ஐரோப்பா போகும் ரயில்கள் தேங்கின. நடுக்கடலில் கப்பல் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. ரயில் கடக்கும் ஒவ்வொரு நாடும் ஒரு சாவியைக் கையில் வைத்திருக்கிறது. கடலில் சூயஸ், மலாக்கா போல நாலைந்து குறுகலான இடம்தான். நிலத்திலோ ஒவ்வொரு எல்லையும் ஒரு சூயஸ்.

கடல்வழி அடைபட்டால் உதவுமே?

நிலவழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் கனமான வாதம் இதுதான், இதைத் தள்ளிவிடக் கூடாது. 2024 ஜனவரியில் பனாமாவில் தண்ணீர் பற்றாக்குறை கடுமையாக இருந்தபோது மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் ஒரு சேவையின் பெட்டிகளைக் கால்வாய் ஓரமாக ஓடும் ரயிலில் ஏற்றி மறுகரைக்கு அனுப்பியது. உதவியது. ஆனால் அந்த ரயில்பாதை முதலில் ஓடத் தொடங்கியது 1855-ல், அதாவது அங்கே புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை.

புதிதாகக் கட்டும் வழிக்குச் சிக்கல் வேறு. 2021-ல் ஷாங்காயிலிருந்து ராட்டர்டாமுக்கு ஒரு 40 அடிப் பெட்டிக்குக் கப்பல் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டியது. அப்போது ரயில் மலிவாகவே தெரிந்தது. 2023 நடுவில் அதே கட்டணம் 2,000 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ரயில் கட்டணம் அப்படி இறங்க முடியாது, தண்டவாளக் கடனும் இன்ஜின் செலவும் ஓட்டுநர் சம்பளமும் அங்கேயே நிற்கும். சீன ரயில்கள் தொடக்க ஆண்டுகளில் உள்ளூர் அரசுகளின் தாராளமான மானியத்தில்தான் ஓடின. நெருக்கடிக்கு உதவும் பாதை நெருக்கடி இல்லாத ஆண்டுகளிலும் யாரோ ஒருவர் பணத்தில் ஓடியாக வேண்டும், அந்த யாரோ ஒருவர் யார் என்று அறிவிப்புகளில் சொல்வதில்லை.

செங்கடல் அடைபட்டபோது கப்பல்கள் என்ன செய்தன என்று பாருங்கள். திசையைத் திருப்பின, அவ்வளவுதான். நன்னம்பிக்கை முனை சுற்றிப் பத்துப் பதினான்கு நாள் கூடுதல், எரிபொருள் கூடுதல். ஆனால் ஒரு பாலமோ சுரங்கமோ கட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில் ரயிலுக்குக் கொஞ்சம் சரக்கு கூடியது, பெரும்பகுதி கடலிலேயே நீண்ட வழியில் போனது. கடல்வழிக்குப் பெரிய மாற்று இன்னொரு கடல்வழிதான் என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது.

அடுத்த அறிவிப்பு வரும்போது

நீளம், முதலீடு, மிச்சமாகும் நாள், இந்த மூன்று எண்கள்தான் செய்தியில் வரும். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டால் போதும்: பெட்டி எத்தனை முறை கைமாறுகிறது? சரக்கு உண்மையில் எங்கே முடிகிறது? திரும்பி வரும்போது ரயிலில் என்ன இருக்கும்?

2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டில் அறிவித்த இந்தியா-மத்திய கிழக்கு-ஐரோப்பா வழித்தடத்தில் கப்பல், ரயில், மறுபடி கப்பல். பெட்டி இந்தியத் துறைமுகத்தில் ஏறி, வளைகுடாவில் இறங்கி, ரயிலேறி, சவுதியும் ஜோர்டானும் கடந்து, இஸ்ரேலின் ஹைஃபாவில் இறங்கி, மறுபடி கப்பலேறி, ஐரோப்பாவில் இறங்க வேண்டும். சூயஸ் வழியாக நேரே போகும் கப்பலில் ஏறுவதும் இறங்குவதும் ஒரே ஒரு முறை. ஆகவே சாதாரணச் சரக்குக்கு இது சூயஸை மாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை. வளைகுடா நாடுகளுக்குள்ளேயே நடக்கும் வணிகத்துக்கும், வழித்தடத்தோடு சேர்த்துப் பேசப்படும் மின்கம்பி, தரவுக் கேபிள், ஹைட்ரஜன் குழாய் ஆகியவற்றுக்கும் கணக்கு வேறு மாதிரி வரலாம், அவை பெட்டியில் போவதில்லை.

இந்தியா-ஈரான்-ரஷ்யா வடக்கு-தெற்கு வழித்தடம் 7,200 கிலோமீட்டர், ஒப்பந்தம் 2000-ல். ஈரானில் ரஷ்த்-அஸ்தாரா இடையே 162 கிலோமீட்டர் தண்டவாளம் இல்லாததால் மேற்குக் கிளை இத்தனை காலமும் துண்டாகவே கிடக்கிறது. ஆனால் மாஸ்கோ கடலிலிருந்து தள்ளி இருக்கும் நகரம், அதனால் மூன்று கேள்விகளில் இரண்டாவதற்கு இந்தத் திட்டத்திடம் ஒழுங்கான பதில் இருக்கிறது.

சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் காஸ்பியன் கடலைத் தாண்டிப் போகும் நடு வழித்தடம், ரஷ்யாவைத் தவிர்க்க விரும்புவோருக்காக 2022-க்குப் பிறகு வேகம் எடுத்தது. 2024-ல் சுமார் 45 லட்சம் டன் போனது. சூயஸில் 2022-ல் சுமார் 140 கோடி டன் போனது, ஒரு நாளைக்கு 38 லட்சம் டன். நடு வழித்தடத்தின் ஓராண்டு உழைப்பு சூயஸுக்கு ஒரு நாளும் சில மணி நேரமும். அதோடு காஸ்பியனின் நீர்மட்டம் 1990-களின் நடுப்பகுதியிலிருந்து இறங்கிக்கொண்டே வருகிறது. அதன் கரையில் இருக்கும் கசகஸ்தானின் அக்தாவு துறைமுகத்தில் கப்பல்கள் முழுச் சுமை ஏற்ற முடியாமல் தூர்வார வேண்டியிருக்கிறது.

ஈராக்கின் வளர்ச்சிப் பாதை 1,200 கிலோமீட்டர், 1,700 கோடி டாலர், தெற்கே ஃபாவ் துறைமுகத்திலிருந்து துருக்கி எல்லை வரை. அதை ஆசியா-ஐரோப்பா வழியாக விற்கிறார்கள். ஆனால் ஈராக்கிலேயே நாலரைக் கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேண்டிய சரக்கு தெற்கிலிருந்து வருகிறது, பாக்தாதும் மோசூலும் அந்தப் பாதையிலேயே இருக்கின்றன. ராட்டர்டாம் போகும் பெட்டி வந்தால் வரட்டும். அந்தத் தண்டவாளம் கடனைக் கட்டுமா என்று பார்க்க வேண்டியது பாக்தாதில் இறங்கும் பெட்டிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான்.